நின்றால் சூடு, ஓடினால் குளிர்: கார் ஏ.சி.க்கு மூன்றாவது முறை கேஸ் ஏற்றுவதற்கு முன்

நீங்கள் எழுதியதை என் வார்த்தையில் ஒரு முறை சொல்லிப் பார்க்கிறேன். பத்து வருடப் பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக். காலையில் ஏ.சி. நன்றாகக் குளிர்கிறது. பைபாஸில் எண்பதில் போகும்போதும் குறையில்லை. மதியம் ஊருக்குள் வந்து சிக்னலில் இரண்டு நிமிடம் நின்றால் வெதுவெதுப்பான காற்று வருகிறது. நான்கு மாதத்தில் இரண்டு தடவை கேஸ் ஏற்றிவிட்டீர்கள். ஒவ்வொரு தடவையும் சில வாரம் நன்றாக இருந்து மறுபடி பழைய கதை. இப்போது கம்ப்ரெஸர் போய்விட்டது, மாற்ற 28,000 ரூபாய் ஆகும் என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். மாற்றலாமா என்று கேட்கிறீர்கள்.

இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. நின்றால் ஏன் குளிர்வதில்லை? ஏற்றிய கேஸ் எங்கே போனது? கம்ப்ரெஸர் உண்மையிலேயே போய்விட்டதா? முதல் இரண்டுக்கும் விடை தெரியாமல் மூன்றாவதற்குப் பணம் கட்டாதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. ஐ.டி.ஐ.யில் குளிர்சாதனப் பிரிவில் படித்துவிட்டு, மதுரையில் 21 வருடமாகக் கார் ஏ.சி. வேலை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் வண்டியை நான் பார்க்கவில்லை, கேஸின் அழுத்தத்தை முள்ளில் காட்டும் கேஜ் மாட்டவில்லை. அதனால் எது நிச்சயம், எது என் ஊகம் என்று அங்கங்கே பிரித்தே சொல்கிறேன்.

நிச்சயமாகத் தெரிந்ததில் தொடங்குகிறேன். ஏ.சி. கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. ரப்பர் ஹோஸ் வழியாகவும், இணைப்புகளில் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும், உண்மைதான். ஆனால் அது தெரிய வருடக்கணக்கில் ஆகும். நான்கு மாதத்தில் இரண்டு முறை குறைந்தது என்றால் எங்கோ லீக் இருக்கிறது. இல்லையென்றால் கேஸ் குறையவே இல்லை, கோளாறு வேறு இடத்தில் இருந்தது, தெரியாமல் மேலே மேலே ஏற்றிவிட்டார்கள். இந்த இரண்டில் ஒன்றுதான், மூன்றாவது வழி கிடையாது. "வருஷா வருஷம் கேஸ் போடணும் சார், சர்வீஸ் மாதிரி" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஏ.சி. எப்படிக் குளிர்விக்கிறது என்பதை ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்வதெல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது. ஊசி போடும் முன் நர்ஸ் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுக் கையில் தடவும்போது சில்லென்று இருக்கும். ஸ்பிரிட் ஆவியாகும்போது தோலிலிருந்து சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. காரில் அதே வேலையை ஆர்-134ஏ என்ற கேஸ் செய்கிறது. திறந்துவிட்டால் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடுகிற திரவம் அது. டேஷ்போர்டுக்கு உள்ளே இருக்கும் கூலிங் காயிலில் அது ஆவியாகி, கேபின் காற்றிலிருந்து சூட்டை உறிஞ்சுகிறது. அந்த ஆவியைக் கம்ப்ரெஸர் இழுத்து, அழுத்தி, முன்பக்கம் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சருக்குத் தள்ளுகிறது. அங்கே வெளிக்காற்று பட்டு, எடுத்து வந்த சூட்டைக் கொட்டிவிட்டு மறுபடி திரவமாகிறது. பிறகு எக்ஸ்பான்ஷன் வால்வின் சின்னத் துளை வழியாகப் பீய்ச்சியடித்துத் திரும்பவும் கூலிங் காயிலுக்கு வருகிறது. உள்ளே எடுத்த சூட்டை வெளியே கொட்ட முடியாவிட்டால், உள்ளேயும் எடுக்க முடியாது. உங்கள் பிரச்சினையின் சாவி இந்த ஒரு வரியில் இருக்கலாம்.

ஓடினால் குளிர், நின்றால் சூடு என்றதும் என் சந்தேகம் மூன்று இடத்துக்குப் போகும். முதலாவது, நிற்கும்போது கண்டென்சர் மேல் காற்று போகவில்லை. அதாவது ஃபேன் ஓடவில்லை, அல்லது மெதுவாக ஓடுகிறது, அல்லது கண்டென்சரின் தகடுகளுக்கு இடையே மண் அடைத்திருக்கிறது. இரண்டாவது, கேஸின் அளவு தப்பு: குறைவாக இருக்கலாம், கூடுதலாகவும் இருக்கலாம். மூன்றாவது, கம்ப்ரெஸர் தேய்ந்து, ஐட்லிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும் வேகத்தில், அழுத்தம் கொடுக்க முடியாமல் இருக்கிறது. உங்கள் கடைக்காரர் சொல்வது இந்த மூன்றாவதை. அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை, தேய்ந்த கம்ப்ரெஸரும் ஹைவேயில் குளிர்ந்து சிக்னலில் சுடும். ஆனால் முதல் இரண்டையும் தள்ளிவிட்டுத்தான் அங்கே வர வேண்டும்.

முதலாவதை நீங்களே வாசலில் வைத்துப் பார்த்துவிடலாம். மதிய வெயிலில் வண்டியை வெளியே நிறுத்தி, நியூட்ரலில் ஹேண்ட்பிரேக் போட்டு, ஏ.சி.யை முழுக் குளிரில், உள்காற்று சுழலும்படி வைத்து ஓடவிடுங்கள். பானெட்டைத் திறந்து, கம்ப்ரெஸரை எஞ்சின் பெல்ட்டோடு சேர்க்கும் காந்தக் கிளட்ச் டக் என்று ஒட்டும் சத்தம் வருகிறதா, ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். அநேகமாக எல்லா வண்டியிலும் கம்ப்ரெஸர் ஒட்டியதுமே அல்லது அதிகம் போனால் ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் ஃபேன் ஓட ஆரம்பிக்க வேண்டும். தோளில் துண்டு, துப்பட்டா எதுவும் இல்லாமல் நில்லுங்கள். நின்றிருக்கும் ஃபேன் எந்த நொடியிலும் கிளம்பும், விரலை அருகே கொண்டுபோகாதீர்கள். ஓடினால் மட்டும் போதாது, காற்று பலமாக இழுக்க வேண்டும். முன் கிரில்லுக்கு முன்னால் ஒரு செய்தித்தாளைப் பிடித்தால் அது கிரில்லோடு ஒட்டி நிற்க வேண்டும். படபடவென்று ஆடி விழுந்தால் ஃபேன் பலவீனம் அல்லது உள்ளே அடைப்பு.

அடுத்து, வென்டில், அதாவது டேஷ்போர்டில் காற்று வரும் வாயில், சூடான காற்று வர ஆரம்பித்ததும், ஒரு வாளித் தண்ணீரை எடுத்து, முன் கிரில் வழியாகக் கண்டென்சர் மேல் மட்டும் குவளை குவளையாக மெதுவாக ஊற்றுங்கள். எஞ்சின் மேலோ, மின் இணைப்புகள் மேலோ அடிக்க வேண்டாம். உள்ளே ஒருவரை உட்கார வைத்து வென்டில் கையை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நிமிடத்துக்குள் குளிர் திரும்பினால், கம்ப்ரெஸர் அழுத்திக்கொண்டுதான் இருக்கிறது, வெளியே சூடு இறங்கவில்லை என்று அர்த்தம். அப்படித் திரும்பினால் 28,000 ரூபாயைப் பையிலேயே வைத்துக்கொண்டு ஃபேன் பக்கம் போங்கள்.

இப்படி ஒரு டாக்ஸிக்காரர் என்னிடம் வந்தார். "அண்ணே, பைபாஸ்ல ஐஸ் மாதிரி வருது. கோரிப்பாளையம் சிக்னல்ல நின்னா பாசஞ்சர் கதவைத் திறந்துட்டு இறங்கிடுவாரு போல இருக்கு" என்றார். அவரிடமும் ஏற்கெனவே கம்ப்ரெஸருக்கு விலை சொல்லியிருந்தார்கள். கேஜ் மாட்டினேன். ஹை சைடு முள், அதாவது கம்ப்ரெஸர் அழுத்தித் தள்ளும் பக்கத்தைக் காட்டும் முள், 220 பவுண்டிலிருந்து ஏறி 300-ஐத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. ஃபேன் அசையவில்லை. இணைப்பில் டெஸ்ட் லேம்ப் வைத்தால் எரிகிறது, கரண்ட் வருகிறது. ஸ்குரூடிரைவரின் பிடியால் மோட்டார் உடம்பில் லேசாக இரண்டு தட்டுத் தட்டினேன். விர்ரென்று கிளம்பியது. முள் அப்படியே இறங்கி 210-ல் வந்து நின்றது. உள்ளே உட்கார்ந்திருந்தவர், "அண்ணே, வந்திருச்சு" என்றார். மோட்டாருக்கு உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்து, சூடானதும் தொடாமல் நின்றுகொண்டிருந்தது. காலையில் ஓடும், மதியம் நிற்கும். அதனால்தான் கடைகளுக்குப் போன நேரத்தில் எல்லாம் ஃபேன் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, யாரும் அதைச் சந்தேகப்படவில்லை. உங்கள் வண்டியைக் கடைக்குக் காலையில் கொண்டுபோகாதீர்கள். நோய் தெரிகிற மதிய நேரத்தில் கொண்டுபோங்கள்.

ஃபேன் ஓடாததற்குப் பிரஷ் மட்டும் காரணம் இல்லை. ஃபியூஸ், ரிலே, வயரை எலி கடிப்பது, இரண்டு வேக ஃபேனில் ரெசிஸ்டர் எரிந்து மெதுவான வேகம் மட்டும் வேலை செய்யாமல் போவது என்று பலது உண்டு. சில வண்டிகளில் ரேடியேட்டருக்கும் கண்டென்சருக்கும் சேர்த்து ஒரே ஃபேன்தான். உங்களுடையது அப்படியென்றால், சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் சூட்டு முள்ளையும் ஒரு கண் பாருங்கள். அதுவும் ஏறினால் ஏ.சி.யை மறந்துவிட்டு ஃபேனை அன்றைக்கே சரிசெய்யுங்கள், ஹெட் கேஸ்கெட் வரைக்கும் போகும் விஷயம். கண்டென்சரைத் தண்ணீரால் கழுவும்போது பிரஷர் கன்னைக் கிட்டத்தில் பிடிக்க விடாதீர்கள். அலுமினியத் தகடு காகிதம் போல மடங்கிவிடும், பிறகு எந்த ஃபேன் வைத்தாலும் காற்று போகாது.

தண்ணீர் ஊற்றியும் குளிர் வரவில்லையா? அப்போது இரண்டாவது சோதனை. அதே இடத்தில் வண்டி நின்றபடியே ஆக்ஸிலரேட்டரை மிதித்து எஞ்சினை நிமிடத்துக்கு 2,000 சுற்று வேகத்தில் இரண்டு நிமிடம் பிடியுங்கள். குளிர் திரும்பினால், ஐட்லிங்கில் போதுமான கேஸ் சுழலவில்லை. கேஸ் குறைவு அல்லது கம்ப்ரெஸர் பலவீனம், இரண்டில் ஒன்று. இவற்றை வெறும் கையால் பிரித்தறிய முடியாது. கேஜும் தராசும் வேண்டும்.

தராசு என்று ஏன் சொல்கிறேன் என்றால், அதிகம் தப்பு நடக்கிற இடம் இதுதான். உங்கள் பானெட்டுக்கு அடியிலோ முன் குறுக்குச் சட்டத்திலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். எந்த கேஸ், எத்தனை கிராம் என்று அதில் எழுதியிருக்கும். சின்ன வண்டிகளில் பெரும்பாலும் 350-லிருந்து 450 கிராமுக்குள் இருக்கும். ஒரு குடும்பத்தின் சமையல் எண்ணெய்ப் பாக்கெட்டில் பாதிகூட இல்லாத அளவு. இதில் 100 கிராம் கூடுவதும் குறைவதும் பெரிய வித்தியாசம். ஆனால் பல இடங்களில் முள்ளைப் பார்த்து, குழாயைத் தொட்டுப் பார்த்து, "சில்லுனு இருக்கு, போதும்" என்று நிறுத்திவிடுகிறார்கள். முள் அளவைச் சொல்லாது. எஞ்சின் நின்றிருக்கும்போது, வண்டி 35 டிகிரி சூட்டில் இருந்தால், இரண்டு முள்ளும் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 115 பவுண்டு அழுத்தம் காட்டும். உள்ளே 150 கிராம் இருந்தாலும் 115-தான், 450 கிராம் இருந்தாலும் 115-தான். உள்ளே கொஞ்சமாவது திரவம் இருக்கும் வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது சூடு, அளவு இல்லை. அதனால் எவ்வளவு இருக்கிறது என்று தெரிய ஒரே நேர்மையான வழி, இருப்பதை ரெகவரி மெஷினில் இழுத்து எடைபோடுவது, பிறகு ஸ்டிக்கரில் உள்ள கிராமைத் தராசில் வைத்து ஏற்றுவது.

உங்கள் விஷயத்தில் கேஸ் கூடிப்போயிருக்கவும் வாய்ப்பு உண்டு என்று நினைக்கிறேன், இது ஊகம்தான். கூடுதல் கேஸ் கண்டென்சருக்குள் திரவமாகத் தேங்கி, சூடு இறங்க வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்ளும். காற்று பலமாக அடிக்கும் பைபாஸில் சமாளிக்கும், சிக்னலில் சமாளிக்காது. ஹை சைடு அழுத்தம் ஏறிப்போய், எல்லை தாண்டியதும் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரெஸரைத் துண்டித்துவிடும். கேஸ் அதிகமாகி ஏ.சி. சுடுகிறது என்று சொன்னால் பலரும் நம்புவதில்லை, ஆனால் நான் கேஸை இறக்கியே குளிர வைத்த வண்டிகள் கணக்கில்லை. அதே சமயம், ஏற்றிய பிறகு சில வாரம் நன்றாக இருந்தது என்கிறீர்கள். அது லீக் பக்கம் சாய்கிறது. இந்த இரண்டுக்கும் இடையே எடைதான் தீர்ப்புச் சொல்லும். இழுத்து எடைபோடும்போது பக்கத்தில் நின்று அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எடை குறைந்திருந்தால் லீக்கைத் தேட வேண்டும். கேஸோடு கம்ப்ரெஸர் எண்ணெயும் கலந்து சுற்றுகிறது, கசியும் இடத்தில் எண்ணெய் வெளியே வந்து தூசியைப் பிடித்துக் கருப்புப் பிசுக்காக நிற்கும். முதலில் கண்ணால் தேடுங்கள்: கண்டென்சரின் கீழ் மூலைகள், குழாய் இணைப்புகள், கம்ப்ரெஸர் புல்லிக்குப் பின்னால் ஷாஃப்ட் சீல் இருக்கும் இடம். புல்லியைச் சுற்றி பானெட்டின் அடிப்பக்கம் எண்ணெய்த் தெளிப்பு வட்டமாகத் தெரிந்தால் சீல் போயிருக்கிறது. கேஸ் ஏற்றும் வாயில் உள்ள பின் வால்வை மறக்கவே கூடாது. தொழிலுக்கு வந்த நான்காம் வருடம் ஒரு வண்டிக்குக் கூலிங் காயில் லீக் என்று முடிவுகட்டி, டேஷ்போர்டு முழுவதையும் இறக்கி, புதுக் காயில் வைத்து ஏற்றினேன். இருபது நாளில் வண்டி திரும்பி வந்தது. லோ சைடில், அதாவது கம்ப்ரெஸர் கேஸை இழுக்கும் பக்கத்தில், இருக்கும் வாய்க்கு மூடி இல்லை. சோப்பு நுரையைத் தொட்டு வைத்தேன், கண்ணுக்கு முன்னால் ஒரு குமிழ் மெதுவாக ஊதி உடைந்தது. டயர் வால்வு மாதிரியான சின்னப் பின். அந்த வண்டிக்காரருக்குக் காயில் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து கேஜைக் கழற்றியதும் முதலில் வாயில் நுரை வைக்காமல் வேறு எதையும் தொடுவதில்லை. உங்கள் வண்டியில் இரண்டு வாய்க்கும் மூடி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

கூலிங் காயில் லீக்தான் கண்டுபிடிக்கக் கஷ்டம், அது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. அல்ட்ரா வயலட் சாயம் கலந்து ஏற்றி, பத்துப் பதினைந்து நாள் ஓட்டிவிட்டு, இருட்டில் விளக்கடித்துப் பார்ப்போம். லீக் வெளியே இருந்தால் அந்த இடம் பச்சை மஞ்சளாக மின்னும். காயிலில் இருந்தால், வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டும் டிரெயின் குழாயின் நுனியில் அந்த நிறம் தெரியும். சாயத்துக்குக் காத்திருக்க முடியாதவர்கள் கேஸை முழுக்க எடுத்துவிட்டு நைட்ரஜன் ஏற்றி, முள் இறங்குகிறதா என்று இரவு முழுக்க வைத்துப் பார்க்கலாம். நைட்ரஜனுக்குப் பதில் டயருக்கு அடிக்கும் காற்றை ஏற்ற விடாதீர்கள். அதிலிருக்கும் ஈரம் உள்ளே போகும், அதைவிட முக்கியமாக, மிச்சமிருக்கும் ஆர்-134ஏ அழுத்தமான காற்றோடு கலந்தால் தீப்பிடிக்கக்கூடும்.

லீக்கைச் சரிசெய்த பிறகு வேக்யூம் போட வேண்டும், அதாவது பம்பால் உறிஞ்சிக் குழாயை வெற்றிடமாக்க வேண்டும். குறைந்தது அரை மணி, ஈரமான பருவத்தில் முக்கால் மணி. உள்ளே இருக்கும் காற்றும் ஈரமும் வெளியே வருவது அப்போதுதான். ஈரம் மிச்சமிருந்தால் எக்ஸ்பான்ஷன் வால்வின் துளையில் ஐஸாக உறைந்து, குளிர் வந்து வந்து போகும். பம்பை நிறுத்திய பிறகும் பத்து நிமிடம் முள் அசையாமல் நிற்க வேண்டும். நீண்ட நாள் திறந்து கிடந்த வண்டி என்றால் ரிசீவர் டிரையரையும் மாற்றியாக வேண்டும், ஈரத்தைக் குடிக்கும் மணிகள் அதற்குள்தான் இருக்கின்றன. உங்களுக்கு இரண்டு முறை கேஸ் ஏற்றியபோது வேக்யூம் போட்டார்களா, எவ்வளவு நேரம் என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். பத்து நிமிடத்தில் வேலை முடிந்து நீங்கள் கிளம்பிவிட்டீர்கள் என்றால், வேக்யூம் போடவில்லை.

இப்போது கம்ப்ரெஸருக்கு வரலாம். ஃபேன் சரி, கண்டென்சர் சுத்தம், கேஸ் ஸ்டிக்கரில் உள்ள எடைக்குச் சரியாக இருக்கிறது. இந்த நிலையில் எஞ்சின் 1,500 சுற்றில், 35 டிகிரி வெயிலில், லோ சைடு 30-லிருந்து 40 பவுண்டு, ஹை சைடு 200-லிருந்து 250 பவுண்டு என்பது நான் எதிர்பார்க்கும் கணக்கு. இரண்டும் குறைந்திருந்தால் கேஸ் குறைவு. இரண்டும் ஏறியிருந்தால் சூடு இறங்கவில்லை, அல்லது கேஸ் அதிகம், அல்லது உள்ளே காற்று கலந்திருக்கிறது. லோ சைடு பூஜ்யத்துக்குக் கீழே இறங்கினால் எங்கோ அடைப்பு. லோ சைடு 60, 70 என்று ஏறி, ஹை சைடு 150-ஐத் தாண்டாமல், இரண்டு முள்ளும் ஒன்றை நோக்கி ஒன்று வந்தால், கம்ப்ரெஸர் அழுத்தவில்லை. இந்தக் கடைசிப் படத்தைக் காட்டினால் மட்டும் கம்ப்ரெஸர் போய்விட்டது என்பதை ஒத்துக்கொள்ளுங்கள். அப்போதும் ஒரு நிபந்தனை உண்டு. கிளட்ச் இல்லாத, அளவு மாறும் வகைக் கம்ப்ரெஸரில் பின்னால் இருக்கும் கன்ட்ரோல் வால்வு கெட்டாலும் இதே முள் வரும். அந்த வால்வைத் தனியாக மாற்றிப் பார்க்க முடியும்.

எனக்குப் பயம் தருவது வேறு ஒன்று. லீக்கில் கேஸோடு எண்ணெயும் போகிறது என்று சொன்னேன். இரண்டு முறை கேஸ் மட்டும் ஏற்றி எண்ணெய் சேர்க்காமல் விட்டிருந்தால், முதலில் நன்றாக இருந்த கம்ப்ரெஸர்கூட இந்த நான்கு மாதத்தில் வறண்டு ஓடித் தேய்ந்திருக்கலாம். கிளட்ச் ஒட்டும்போது கரகரவென்று சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். கடையில் கம்ப்ரெஸர் குழாயைக் கழற்றினால், உள்ளிருக்கும் எண்ணெயை ஒரு வெள்ளைத் துணியில் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். தெளிவாக இருந்தால் நிம்மதி. வெள்ளித் தூள் மின்னினாலோ, கருப்பு மை போல இருந்தாலோ உள்ளே உலோகம் தேய்ந்திருக்கிறது. அப்படியென்றால் கம்ப்ரெஸரை மட்டும் மாற்றுவது வீண். குழாய்களைக் கழுவி, டிரையரையும் எக்ஸ்பான்ஷன் வால்வையும் மாற்ற வேண்டும். இப்போதைய கண்டென்சரின் நுண்ணிய துளைகளில் சிக்கிய தூள் கழுவினால் முழுதாக வராது, அதையும் மாற்றுவதே நல்லது. செலவு கூடும் என்று தெரியும். ஆனால் பழைய தூள் புதுக் கம்ப்ரெஸரையும் தின்றுவிட்டால் இரண்டு மடங்கு செலவாகும்.

கம்ப்ரெஸர் நன்றாக இருந்து கிளட்ச் மட்டும் கெடுவதும் உண்டு. காலையில் ஒட்டும், அரை மணி ஓடிச் சூடானதும் விட்டுவிடும். கிளட்ச் தகட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் பொதுவாக அரை மில்லிமீட்டர் அளவில் இடைவெளி இருக்க வேண்டும். தேய்ந்து அது அகன்றுவிட்டால், சூட்டில் பலம் குறைந்த காந்தத்தால் தகட்டை இழுக்க முடிவதில்லை. குளிர் நின்ற அந்த நேரத்தில் தகடு சுற்றுகிறதா என்று பாருங்கள். கிளட்ச்சின் காந்தக் காயிலுக்கு 12 வோல்ட் வந்தும் தகடு சுற்றவில்லை என்றால் இடைவெளிதான் சந்தேகம். உள்ளே ஒரு ஷிம் வளையத்தை எடுத்தால் போதும், பல வண்டிகளில் கம்ப்ரெஸரை இறக்காமலே செய்யலாம்.

உங்கள் அறிகுறிக்குப் பொருந்தாத சிலவற்றையும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். குளிர் இருக்கிறது, காற்றுதான் வரவில்லை என்றால் கேபின் ஃபில்டர். நீண்ட தூரம் ஓடிய பிறகு காற்று குறைந்து, பத்து நிமிடம் அணைத்துப் போட்டால் சரியாகிறது என்றால் கூலிங் காயில் ஐஸ் கட்டுகிறது, பெரும்பாலும் காயிலின் குளிரை அளக்கும் தெர்மிஸ்டர் கெட்டிருக்கும். கேஜ் எல்லாம் சரியாகக் காட்டியும் வென்டில் சூடு வந்தால், டேஷ்போர்டுக்குள் ஹீட்டர் பக்கத்துக் கதவு முழுதாக மூடவில்லை. ஹைபிரிட், மின்சாரக் கார்களில் ஏ.சி. கம்ப்ரெஸர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுகிறது, எண்ணெயும் வேறு. ஆரஞ்சு நிற வயரைத் தொடும் வேலையைப் பயிற்சி இல்லாத யாரிடமும் கொடுக்காதீர்கள்.

கேஸின் தரத்தையும் கேளுங்கள். விலை குறைவு என்று பெயர் தெரியாத டப்பாக்களில் வரும் கேஸில் எரியும் ஹைட்ரோகார்பன் கலந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். குளிர் நன்றாகத்தான் வரும். லீக்கானால் கேபினுக்குள் வருவது அடுப்பு கேஸ் மாதிரியான பொருள். லீக்கை அடைக்கிறோம் என்று ஊற்றும் பசை மருந்தையும் வேண்டாம் என்று சொல்லுங்கள், அது வால்வுத் துளையையும் அடைக்கும், அடுத்து மாட்டுகிறவரின் மெஷினையும் கெடுக்கும். இன்னொன்று என் மனதில் எப்போதும் இருப்பது. ஆர்-134ஏ, எடைக்கு எடை கார்பன் டை ஆக்ஸைடை விட ஏறத்தாழ 1,430 மடங்கு பூமியைச் சூடாக்கும் வாயு. 400 கிராம் வெளியே போனால், சுமார் 250 லிட்டர் பெட்ரோலை எரித்த கணக்கு. "பழைய கேஸைத் திறந்து விட்டுடு" என்று கடையில் பையனிடம் சொல்வதைக் கேட்டால் தடுங்கள், ரெகவரி மெஷின் உள்ள கடைக்குப் போங்கள்.

ஆக, நாளை மதியம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், பிறகு 2,000 சுற்றில் பிடித்துப் பாருங்கள். கடைக்குப் போகும்போது ஒரு சின்ன தெர்மாமீட்டரை நடு வென்டில் செருகிக்கொண்டு போங்கள். வேலை முடிந்து, வண்டி வெயிலில் நின்றபடி ஐட்லிங்கில் பத்து நிமிடம் ஓடிய பிறகும் அது 12, 13 டிகிரிக்கு மேல் ஏறாமல் இருந்தால் பணம் கொடுங்கள். ஓட்டும் வேகத்தில் காட்டினால் ஒத்துக்கொள்ள வேண்டாம், உங்கள் நோய் நிற்கும்போதுதான் வருகிறது. தண்ணீரிலும் குளிர் வரவில்லை, எடையும் சரி என்றால், ஐட்லிங்கிலும் 2,000 சுற்றிலும் லோ, ஹை இரண்டு முள்ளும் காட்டும் எண்களை, இழுத்த கேஸின் கிராமோடு சேர்த்து இங்கே எழுதுங்கள். அந்த ஐந்து எண்கள் இருந்தால், கம்ப்ரெஸரை மாற்றலாமா வேண்டாமா என்று இப்போது சொல்வதைவிட உறுதியாகச் சொல்வேன்.